முழத்துக்கு வந்த ஒன்பது நாள் சோதனை

“அந்த மீனைக் கரைக்கு இழுத்துப் போட்டதும் ஏரியில தண்ணி ஒரு முழம் இறங்கிடுச்சு. படகெல்லாம் தரை தட்டி நின்னுடுச்சு. படகுக்காரங்க ஓடி வந்து, எங்க பொழப்பைக் கெடுக்காதீங்க, திரும்ப உள்ள விட்டுடுங்கன்னு கெஞ்சினாங்க. மனசு கேக்கலை. விட்டுட்டேன்.”

சொல்லி முடித்துவிட்டு, ஆதாரத்தை மேசைமேல் வைத்துவிட்ட மனிதரைப் போல நிதானமாகக் காப்பியை உறிஞ்சினார். நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பிடித்த மீன் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒரு முழம் வளரும் என்பதால் நண்பர்கள் வைத்த பெயர் முழம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓய்வூதியப் புத்தகத்தில் மட்டும் தனியாகக் கிடந்தது.

அவருடைய மூன்றாம் மாடி வீட்டுச் சமையலறை மேசையில் சாலை வரைபடம் விரிந்திருந்தது. குளிர் போய், ஏரிகளில் தூண்டில் போட அனுமதி கிடைக்க இன்னும் ஒன்பது நாள். நான்கு நாள் பயணம். ஒரு பெரிய ஏரி, ஒரு ஆற்று வளைவு, திரும்பும் வழியில் ஒரு சின்ன ஏரி. வருடத்தில் மற்ற முந்நூற்றி அறுபத்தொரு நாளும் முழம் இந்த நான்கு நாளுக்காகக் காத்திருந்துதான் வயதானார். இந்த நான்கு நாள் மட்டும் இல்லையென்றால் தனக்கு இந்நேரம் இருபத்தைந்து வயதுதான் ஆகியிருக்கும் என்று வேறு சொல்வார்.

எதிரே ரொட்டிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரொட்டிக்கடை அடுப்பை அணைத்து ஆறு வருடம் ஆகியும், அவர் சிரித்தால் மீசையிலிருந்து மாவு உதிரும் என்பது போலவே இருக்கும். சிரிக்காதவர் ஒருவர்தான். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முழத்தின் மனைவியோடு கூடப் பிறந்த அண்ணன். சட்டைப் பையில் எப்போதும் அளவு நாடா இருப்பதால் டேப்பு. பிறந்தவுடன் தன் தொப்புள்கொடியைத் தானே அளந்து பார்த்துத்தான் அறுக்க விட்டார் என்பது முழம் பரப்பிய செய்தி. அளக்காத எதையும் அவர் நம்பமாட்டார். அளந்ததையும் இரண்டாம் முறை அளந்த பிறகுதான் நம்புவார். ஆனால் பயணம் போகும் வேன் அவருடையது.

“தூண்டில்ல ஒரு ரீல், வாயில ஒரு ரீல்” என்றார் டேப்பு. “போன வருஷம் நடந்தது ஞாபகம் இருக்கா, மச்சான்?”

யாருக்கு மறக்கும்? போன வசந்தத்தில் பெட்ரோல் போட நின்ற இடத்தில் முழம் சும்மா இருந்திருக்கலாம். மாறாக, வேனுக்குள் தூங்கிக்கொண்டிருந்த டேப்பைக் காட்டி, மூன்று முறை உலகத் தூண்டில் போட்டியில் வென்றவர், கூட்டம் பிடிக்காது, தொந்தரவு செய்யாதீர்கள் என்று அங்கிருந்தவர்களிடம் தணிந்த குரலில் சொல்லிவைத்தார். பதினொரு பேர் ஏரிவரை பின்னாலேயே வந்துவிட்டார்கள். பதினொரு பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க, டேப்பு ஆறு மணி நேரம் உட்கார்ந்து ஒரு செருப்பைப் பிடித்தார். அதிலும் ஒரு வயதானவர், செருப்பை எவ்வளவு லாவகமாக இழுக்கிறார் பாருங்கள் என்று கைதட்டியதுதான் டேப்புக்கு இன்றுவரை ஆறவில்லை.

அதனால் இந்த முறை நிபந்தனை வந்தது. கிளம்பும் காலைவரை முழத்தின் வாயிலிருந்து பொய் என்று ஒன்று வரக்கூடாது. சின்னப் பொய், செல்லப் பொய், எதுவும் கிடையாது. ஒன்று வந்தாலும் வேனில் அவருடைய இருக்கை டேப்பின் பழைய அலுவலகத் தோழர் ஒருவருக்குப் போய்விடும். அந்தத் தோழரைப் பற்றி ரொட்டிக்காரருக்குத் தெரியும்; தன் முழங்கால் வலியைத் தவிர வேறு பேச்சே இல்லாத மனிதர். ரொட்டிக்காரரின் சிரிப்பு சட்டென்று அணைந்தது.

முழம் சவாலை ஏற்றார். ஏற்கும்போதே, தான் பிறந்ததிலிருந்து பொய் சொன்னதில்லை என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் இருமலாக்கி விழுங்கினார்.

முதல் நாள் எப்படியோ ஓடியது. இரண்டாம் நாள் படிக்கட்டில் பக்கத்து வீட்டுக்காரர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு “சுமார்” என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு இறங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் பயந்துபோய் அவர் மனைவியிடம் விசாரித்தார். மூன்றாம் நாள் மனைவியே நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். நான்காம் நாள் அந்த அம்மாள் முடியை வெட்டிக்கொண்டு வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். முழம் உண்மையைச் சொன்னார். அன்று மதியம் அவருக்கு முந்தாநாள் ரொட்டியும் தண்ணீரும்.

திட்டம் மட்டும் ஜோராக வளர்ந்தது. டேப்பு கட்டம் போட்ட தாளில் பாதை வரைந்தார். எண்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை ரொட்டிக்காரருக்காக நிறுத்தம், காரணம் எழுதப்படவில்லை. ரொட்டிக்காரர் சாப்பாட்டுப் பட்டியலை எழுதியதில் நான்கு நாளுக்கு நாற்பத்திரண்டு ரொட்டி வந்தது. மண்புழுக்கள் வெண்ணெய் டப்பாவில் ஈர மண்ணோடு முழம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் குடியேறின. டப்பாவைத் திறந்த மனைவி போட்ட சத்தத்தைப் பற்றி வர்ணிக்க முழத்துக்கு நாக்கு துடித்தது. ஏழு தெரு தாண்டி நாய்கள் குரைத்தன என்று சொல்லியிருப்பார். சத்தம் போட்டாள், அவ்வளவுதான் என்று சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது.

எட்டாம் நாள் மதியம். மனைவி கடைக்குப் போயிருந்தார். கீழே தெருவில் டேப்பு சின்ன ஏணி போட்டு வேனின் கூரையை அளந்துகொண்டிருந்தார். தூண்டில் கோல்களைக் கட்ட எவ்வளவு இடம் என்பதை அவர் காலையிலிருந்து அளக்கிறார். மேலே முழம் தன் கோலை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தார்.

லிஃப்ட் பார்த்த கை. கயிறு என்று ஒன்று இருந்தால், எடை கட்டி ஏற்றி இறக்கிப் பார்க்காமல் அதை நம்பாது. ஒவ்வொரு வசந்தமும் கிளம்புவதற்கு முன், ஒரு புட்டியில் தண்ணீர் நிரப்பி, தூண்டில் நரம்பின் நுனியில் கட்டி, மூன்று மாடிக்கும் இறக்கி, திரும்ப ஏற்றி, ஒவ்வொரு மாடியிலும் நிறுத்திப் பார்ப்பார். இரண்டாம் மாடியில் குடியிருப்பவர்கள் ஜன்னலுக்கு வெளியே புட்டி வந்து நிற்பதைப் பார்த்தால், வசந்தம் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

புட்டி இறங்கியது, நின்றது, ஏறியது. வெயில் பட்டு மின்னியது. அந்த நேரம் பார்த்து, வாய்க்கால் பக்கமிருந்து ஒரு நாரை வீட்டு வரிசையை ஒட்டிப் பறந்து வந்தது. அலகில் ஒரு மீன். கண்ணுக்குத் தெரியாத நரம்பு கடைசி நொடியில்தான் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். றெக்கையை விசிறி மேலே எழும்பி, கடுங்கோபத்தில் ஒரு கத்துக் கத்தியது. கத்த வேண்டுமென்றால் வாயைத் திறக்கத்தானே வேண்டும்?

பால்கனியின் மூலையில், மனைவி படுக்கை விரிப்புகளைச் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் ஊறப் போட்டிருந்த தொட்டியில், தொப்பென்று ஒரு கெண்டை விழுந்தது. உயிரோடு. பூப்போட்ட விரிப்பின்மேல் ஒரு சுற்று நீந்திவிட்டு, வாடகைக்கு இடம் பார்க்க வந்தது போல முழத்தை நிமிர்ந்து பார்த்தது.

அறுபத்தெட்டு வருடம் அண்டப் புளுகு ஆகாசப் புளுகெல்லாம் அளந்த மனிதருக்கு, ஆகாசமே ஒரு உண்மையை அனுப்பிவைத்திருந்தது. அதைச் சொல்லவோ வழியில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? இருக்கை போய்விடும், நாளை மறுநாள் அந்த முழங்கால்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து போவார். திருடனுக்குத் தேள் கொட்டியது போல முழம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எட்டிக் கீழே பார்த்தார். டேப்பு ஏணியில் நின்றபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, குறிப்புப் புத்தகத்தில் குனிந்திருந்தார். பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு சாட்சியும் இல்லை.

மனைவி கடையிலிருந்து வந்து தொட்டியைப் பார்த்தார். ஏன் என் விரிப்புக்குள் மீன் இருக்கிறது என்று மிக அமைதியாகக் கேட்டார். அந்த அமைதி மண்புழுச் சத்தத்தைவிட மோசமானது. முழம் யோசித்தார். நம்பத்தகுந்தது ஒன்றுதான் இருந்தது.

“கடையில வாங்கினேன்” என்றார்.

எட்டு நாளில் முதல் பொய். அதுவும் வாழ்நாளிலேயே அவர் சொன்ன மிகச் சிறிய பொய். மூன்று வயதுக் குழந்தைகூட இதைவிடப் பெரிதாகச் சொல்லும். மனைவி நம்பிவிட்டார். முழத்துக்கு அது அவமானமாகவே இருந்தது.

சாயங்காலம் ரொட்டிக்காரர் முதல் தவணை ரொட்டிகளோடு வந்தார். டேப்பும் மேலே வந்தார். முகம் சரியில்லை, மதியத்திலிருந்து வேன் கூரையின் ஒரே அளவை ஏழு முறை எழுதியிருந்தார். மனைவி சிரித்துக்கொண்டே, ஏரிக்குப் போகும் முன்பே இந்த மனுஷன் கடையில் மீன் வாங்கித் தொட்டியில் விட்டிருக்கிறார் பாருங்கள் என்று காட்டினார். ரொட்டிக்காரர் எட்டிப் பார்த்து, நல்ல கெண்டை என்றார்.

டேப்பு பார்க்கவில்லை. முழத்தைத்தான் பார்த்தார். “எந்தக் கடையில, மச்சான்?”

“முனைக் கடையில.”

“பொய்.”

டேப்பு நிபந்தனையை நினைவுபடுத்தினார். பொய் பொய்தான், இருக்கை போனது போனதுதான். ரொட்டிக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முழங்கால் வலி மட்டும் கண்முன்னே வந்து நின்றது. ஊரைக் கூட்டிப் புளுகியபோதெல்லாம் சகித்துக்கொண்ட மனிதர், கடையில் மீன் வாங்கினேன் என்பதைப் பொய் என்கிறாரே, அது எப்படித் தெரியும் என்று ரொட்டிக்காரர் கேட்டார்.

தெரியும் என்றார் டேப்பு. எப்படி என்று மறுபடி கேட்டதற்கு, அதெல்லாம் சொல்ல முடியாது என்றார்.

முழம் மெல்லத் தலையைத் தூக்கினார். மச்சானின் காதுமடல் சிவந்திருந்தது. அந்த நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எட்டு நாளாகச் சுருங்கிப்போயிருந்த முகம் ரொட்டி மாவைப் போல உப்பி எழுந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கடையில வாங்கலைன்னா வேற எப்படி வந்துச்சு? நீயே சொல்லு, மச்சான். நான் சொன்னா பொய்யாயிடும்.”

டேப்பு ஜன்னலைப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்துக்கு அளந்து கொடுத்ததில் ஒரு அங்குலம் தப்பாகச் சொல்லாத வாய், மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அசைந்தது.

தங்கைதான் பொறுமை இழந்தார். “அண்ணே, நீயே சொல்லத் தயங்குற விஷயத்தை, இந்த மனுஷன் சொல்லியிருந்தா நாம யாராவது நம்பியிருப்போமா? அதான் கடைன்னு சொல்லியிருக்கார். அதுக்குப் போய் சீட்டைப் பிடுங்குவியா?”

ரொட்டிக்காரர் உடனே தீர்ப்பு எழுதினார். கடையில் வாங்கியிருந்தால் அது பொய்யே இல்லை, முழம் வேனில் வருகிறார். உண்மையைச் சொல்ல வழியில்லாமல் சொன்ன பொய் என்றால் அது கணக்கில் வராது, அப்போதும் முழம் வேனில் வருகிறார். ஆனால் எது என்று டேப்பு சொல்லாமல் யாருக்கும் ரொட்டி கிடையாது.

தொட்டியில் கெண்டை ஒரு தடவை வாலை அடித்தது. டேப்பு சட்டைப் பித்தான் ஒன்றைக் கழற்றினார், மறுபடி போட்டார். முழம் அவரைப் பார்த்துக் கொஞ்சம்கூடச் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு, அந்தப் பட்டினி மதியத்தைவிடப் பெரிது.

“நாரை வாயில இருந்து விழுந்துச்சு” என்றார் டேப்பு, தரையைப் பார்த்தபடி. “பறந்து வந்து, கத்திட்டு, நேரா இந்தப் பால்கனியில போட்டுட்டுப் போச்சு. ஏணியில நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். நடந்ததுதான், மச்சான். என் கண்ணால பார்த்தேன்.”