காவேசியின் குரல் புது லேப்டாப்புக்குக் குடிபோன கதை

கட்வே பேட்டையில் இருந்துகொண்டு காவேசியின் குரலைக் கேட்டதில்லை என்று ஒருவர் சொன்னால் அவர் காது டாக்டரைப் பார்க்க வேண்டியவர். வீடியோ கொட்டகையில் படம் சீனத்தில் ஓடும், கொரியனில் ஓடும். அதை ஊர்ப் பாஷையான லுகாண்டாவில் சொல்லுவது வீஜே காவேசியின் வேலை. இருப்பதை மட்டும் சொல்லுகிற ஆள் இல்லை அவன். வாளை உருவிக்கொண்டு பாய்கிற சீனத் தளபதி, போகிற வழியில் கட்வே சாக்கடையைப் பற்றியும் நகரசபையைப் பற்றியும் நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் எதிரியை வெட்டுவார்.

அப்படிப்பட்டவனுக்குத் தொண்டை போய்விட்டது. ஒரு மாதத்துக்குள் வாயைத் திறந்தால் அப்புறம் திறந்தும் பிரயோஜனம் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டான். ஒரு ஊதல் என்றால் டீ, இரண்டு ஊதல் என்றால் கோபம்.

நல்லவேளையாக, சனிக்கிழமை வெளியாக வேண்டிய வாள்சண்டைப் படத்துக்குத் துண்டு துண்டாகப் பேசிப் பதிவு செய்து முடித்திருந்தான். எதிர்க் கொட்டகைக்காரன் அதே படத்தைத் தன் வீஜேயை வைத்து ஞாயிற்றுக்கிழமை ஓட்டப் போகிறான். சனிக்கிழமையைத் தவறவிட்டால் கூட்டம் தெருவைக் கடந்து போய்விடும். போன கூட்டம் திரும்பி வருவதற்குக் கட்வேயில் வழக்கமில்லை.

பதிவுகள் எல்லாம் இருந்தது பழைய கம்ப்யூட்டரில். பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் அது கண்ணைத் திறக்கும். இந்த வாரம் நாலு தட்டு கேட்டது. சனிக்கிழமை வரை தாங்காது என்று பயந்து அவன் மனைவி புது லேப்டாப் வாங்கினாள். இரட்டைப் பிள்ளை பெற்றவள், அதனால் ஊருக்கே அவள் நாலோங்கோ. கொட்டகையும், வாசலில் பென்டிரைவில் படம் ஏற்றித் தருகிற கடையும் அவள் கையில்தான் ஓடின.

இருப்பதையெல்லாம் பழையதிலிருந்து புதியதுக்கு மாற்ற வேண்டும். அவளே செய்திருப்பாள். ஆனால் காவேசியின் பெரியப்பா மகன் செண்டோங்கோ இருக்கும்போது சொந்தக்காரரை விட்டுவிட்டுச் செய்வது குடும்பத்துக்கு அவமானமாம். செண்டோங்கோ ஓட்டலில் நடந்த ஒரு கருத்தரங்கில் மத்தியானச் சாப்பாடு வரை உட்கார்ந்திருந்தவர். அன்று மாட்டிய அடையாள அட்டையை அதற்கப்புறம் கழற்றவில்லை. வெளியே வரும்போது இன்ஜினியர் ஆகியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கோட்டோடு வந்தார். முதலில் ஜெபம். பிறகு உரை.

"நாலோங்கோ, இது வெறும் கம்ப்யூட்டர் மாத்தற வேலை இல்ல. ஒரு யுகத்துல இருந்து இன்னொரு யுகத்துக்குப் போற பயணம்."

"பயணத்தைச் சீக்கிரம் ஆரம்பிங்க இன்ஜினியர். வெயில் ஏறினா அது சூடாகி அணைஞ்சுடும்."

"வெட்டித் திறந்து வைக்க ரிப்பன் இருக்கா?"

"வாழைநார் இருக்கு."

அவர் முறைத்துவிட்டு உட்கார்ந்தார். நாலோங்கோ கடையில் ஒருவருக்குப் படம் ஏற்றிக் கொடுத்துவிட்டு, பசி தாங்கமாட்டாரே என்று சப்பாத்திக்குள் முட்டை சுருட்டி வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

"முடிஞ்சுதா?"

"சுத்தமா முடிஞ்சுது. போட்டோ, பாட்டு, கல்யாண வீடியோ எல்லாம் புதுசுல ஏறிடுச்சு. ஆனா உங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டரை எவ்வளவு அழுக்கா வெச்சிருந்தார் தெரியுமா? இவ்வளவு பெரிய வைரஸ்! ஃபோல்டர் பேரே 'வைரஸ்'. பக்கத்துலயே 'கெட்டுப்போனது, தொடாதே'ன்னு இன்னொண்ணு. ரெண்டையும் வேரோட பிடுங்கிட்டேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணியாச்சு."

சப்பாத்தி அவள் கையிலிருந்து விழுந்தது.

கட்வேயில் எந்த வீஜேயும் தன் சரக்குக்கு ஒழுங்கான பெயர் வைக்கமாட்டான். வைத்தால், பாட்டு ஏற்றிக்கொள்கிறேன் என்று பென்டிரைவோடு வந்து உட்காருகிறவன் அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய், படம் வெளியாவதற்கு முன்பே பஸ் நிலையத்தில் விற்பான். அதனால் நல்ல சரக்கெல்லாம் நாற்றமடிக்கிற பெயரில்தான் ஒளிந்திருக்கும். காவேசியின் பதினைந்து வருஷக் குரல் ஒரு பெயரில் இருந்தது. நாளைய படத்துக்கான பேச்சு இன்னொன்றில்.

"அடப்பாவி! அதுதான்யா எங்க வீட்டுக்காரரு!"

உள்ளே ஆவி பிடித்துக்கொண்டிருந்த காவேசி போர்வையோடு ஓடி வந்தான். விசிலை இரண்டு முறை ஊதினான். பிறகு எண்ணிக்கை இல்லாமல் ஊதினான்.

"பதட்டப்படாதீங்க," என்றார் செண்டோங்கோ. "நான் பழசுல புது விண்டோஸ் போடத்தான் போறேன். எல்லாம் புத்தம் புதுசா ஆயிடும். அப்புறம் எங்க சர்ச்சுக்குக் குடுத்துடலாம்."

அவர் விரல் பொத்தானை நோக்கிப் போனது. நாலோங்கோ பாய்ந்து சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது.

"இனிமே இதுமேல ஒரு விரல் பட்டுது, அந்த விரலை நான் எடுத்துக்குவேன்."

"போனது போனதுதானே நாலோங்கோ?"

"இன்ஜினியர், வாசல்ல இருக்கிற பேர்ப்பலகையை அழிச்சா வீட்டுக்குள்ள இருக்கிறவன் செத்துடுவானா? உள்ளதான் உக்காந்திருப்பான். புது ஆள் வந்து குடியேறினாத்தான் அவனுக்கு ஆபத்து. நீங்க இப்ப ஒரு ஊரையே குடியேத்தப் பார்த்தீங்க."

வாடிக்கையாளர்கள் தெரியாமல் அழித்த கல்யாணப் படங்களை எத்தனையோ முறை மீட்டுக் கொடுத்தவள் அவள். பழைய கம்ப்யூட்டரின் மூடியைத் திருகிக் கழற்றி, டிஸ்க்கை எடுத்து, கேபிள் போட்டு லேப்டாப்போடு இணைத்தாள். மீட்டெடுக்கிற மென்பொருளை ஓடவிட்டாள். வருகிற எதையும் பழைய டிஸ்க்கில் எழுதாமல் புதியதிலேயே சேமித்தாள். காவேசி விசிலைப் பல்லால் கடித்துக்கொண்டு பின்னால் நின்றான். செண்டோங்கோ மறுபடியும் ஜெபம் செய்தார். இந்தமுறை சின்ன ஜெபம், அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு.

வந்தது! நூற்றுக்கணக்கில் வந்தது. ஆனால் எல்லாம் பெயரில்லாமல், வெறும் எண்களாக. பதினைந்து வருஷப் பேச்சும் நாளைய படத்தின் பேச்சும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. காவேசியிடம் இரண்டு துண்டைப் போட்டுக் காட்டினாள். இரண்டுக்கும் மார்பைத் தட்டிக்கொண்டான், என்னுடையது என்று. என்ன படம் என்று கேட்டால் கையை விரித்தான். ஆயிரம் தளபதிகளுக்குப் பேசியவன், யாருக்கு எது பேசினோம் என்று ஞாபகம் வைத்திருக்கவில்லை.

நாலோங்கோ கொஞ்சம் யோசித்தாள். பிறகு கொட்டகையின் ஸ்பீக்கரைத் தெருப்பக்கம் திருப்பி மைக்கை எடுத்தாள்.

"யாரெல்லாம் காவேசி படத்தை மனப்பாடமா வெச்சிருக்கீங்களோ, உள்ள வாங்க! இன்னிக்கு டிக்கெட் கிடையாது!"

பைக் டாக்ஸிக்காரர்கள் வண்டியைப் போட்டுவிட்டு வந்தார்கள். வெல்டிங் பட்டறை மூடியது. வாழைக்காய் விற்கிறவள் கூடையோடு வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்தாள். முதல் துண்டு ஒலித்தது. முதல் வார்த்தை முடிவதற்குள் மொத்தக் கொட்டகையும் மீதியைச் சொன்னது.

"பாம்புக் கோயில் படம்! ரெண்டாவது பாகம்!"

"ரெண்டாவதா? உனக்கென்ன மூளை குழம்பிப் போச்சா? முதல் பாகம்டா. ரெண்டாவதுல அவன் செத்துட்டான்!"

"ஆமாமா, முதல்தான்."

அடுத்தது. அடுத்தது. கத்துவார்கள், சண்டை போடுவார்கள், முடிவுக்கு வருவார்கள். நாலோங்கோ ஒவ்வொன்றையும் அதனதன் படத்துக்குள் தள்ளிக்கொண்டே போனாள்.

பிறகு ஒரு துண்டு. "ஏண்டா மீசைக்காரா, உன் குதிரைக்காவது வெக்கம் இருக்கே..." என்றது காவேசியின் குரல்.

கொட்டகையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"இது எந்தப் படம்?" என்று கேட்டாள் நாலோங்கோ.

"தெரியலையே நாலோங்கோ. கேட்டதே இல்ல," என்றாள் வாழைக்காய்க்காரி.

"அப்ப அதுதான்!" என்று துள்ளினாள் நாலோங்கோ.

காவேசி பெஞ்சின் மேல் ஏறி விசிலை ஊதினான். யாருக்கும் தெரியாதது எதுவோ அதுதான் புதுப் படம். அப்புறம் ஒவ்வொரு மௌனத்துக்கும் கைதட்டல். சாயங்காலத்துக்குள் கடைசித் துண்டும் சிக்கியது. படத்தை ஓடவிட்டு, வாயசைவுக்குத் தகுந்தபடி விரலால் காட்டிக் காட்டி அவற்றை வரிசையில் கோத்தான் காவேசி. நாலோங்கோ லேப்டாப்பில் ஒன்று, தனி டிஸ்க்கில் ஒன்று, நத்தேத்தேயில் இருக்கிற தங்கை வீட்டில் ஒன்று என்று பிரதி எடுத்தாள். எல்லாம் ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்த பிறகுதான் பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள்.

சனிக்கிழமை பெஞ்சு போதவில்லை. எதிர்க் கொட்டகைக்காரனின் டிக்கெட் கிழிக்கிறவனே வந்து நின்றான். செண்டோங்கோ கோட்டோடு வந்து வாசலில் மார்பை நிமிர்த்தினார்.

"இந்தத் தொழில்நுட்ப வெற்றியில என் பங்கு..."

"டிக்கெட் எங்க?"

"நான் இன்ஜினியர், நாலோங்கோ."

"இன்ஜினியரும் உக்கார்றது அதே பெஞ்சுலதான். டிக்கெட்."

எடுத்தார். உள்ளே மீசைக்காரத் தளபதி குதிரையிலிருந்து குதித்தார், காவேசியின் குரல் தகரக் கூரையை அதிரவைத்தது. நேற்று துண்டு துண்டாகக் கேட்டிருந்தும் அடுத்து எது வருமென்று யாருக்கும் தெரியாத அந்தக் கூட்டம் சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து சரிந்தது. திரைக்குப் பக்கத்தில், வாயை இறுக மூடிக்கொண்டு, காவேசி தன் குரலைத் தானே முதல் வரிசையிலிருந்து கேட்டான். படம் முடிந்ததும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தடவை!" என்று கத்தினார்கள்.

நாலோங்கோ மறுபடியும் போட்டாள்.