நந்தியாவட்டை கேட்ட மலை

இலங்கையில் கொஸ்லந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வுபெற்றவர் லிங்கம். வேலைதான் ஓய்ந்தது, விடியலில் ஆட்களை நிறுத்தி ஆளுக்கொரு மலை ஒதுக்கும் பெரட்டு ஓயவில்லை. காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு லயத்து வீட்டு வாசலில் நின்று, கோழிகளுக்கும் வாளிகளுக்கும் அன்றைய உத்தரவுகளைப் போட்டுவிடுவார். காதில் வாங்குகிற ஒரே ஆள் மனைவி கனகம்.

அன்று பெரட்டுக்கு ஒரு புது ஆள் வந்திருந்தது: வெலிமடையில் வாங்கிய நந்தியாவட்டைக் கன்று. வருசம் முழுக்கப் பச்சையாக நிற்கும், ஆனால் நல்ல வெயில் இல்லாவிட்டால் பூக்காது என்று விற்றவன் சொல்லியிருந்தான். லிங்கம் தொப்பியை மாட்டிக்கொண்டு, தேசம் பிடிக்கப் புறப்பட்டவர் போல வாசலைச் சுற்றிவந்தார். பின்னால் மலை, முன்னால் உயர்ந்த மரங்கள். வெயில் நின்று விழுவது தண்ணீர்ப் பீப்பாய் ஓரத்தில் மட்டும்தான். அங்கே கனகத்தின் நாற்காலி கிடந்தது.

"கனகம், நாற்காலிய எடு. இது செடிக்கு."

"அப்ப நான் எங்கங்க உக்கார்றது?"

"எங்க வேணாலும் உக்காரு. செடிக்கு வெயில் வேணுமில்ல?"

"எனக்கு வேணாமாக்கும்! சரி சரி. நீங்க போட்ட மலைக்குத்தானே என்னைக்கும் போனேன்."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாற்காலிக் கால்கள் பதிந்த நான்கு பள்ளங்களுக்கு நடுவே லிங்கம் குழி வெட்டினார். அவள் சொன்னது கூடவே வெட்டியது. அவர் கங்காணியாக இருந்த காலத்தில் அவருடைய ஆட்களோடுதான் அவளும் கொழுந்து எடுத்தாள். பெண்டாட்டிக்குச் சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, பனியும் அட்டையும் நிறைந்த உச்சி மலையையே அவளுக்கு ஒதுக்குவார். கொழுந்து குறைந்த அன்று அவளுக்கும் அரைநாள் பேர்தான், பாதிச் சம்பளம்தான். அந்த நேர்மையைக் கல்யாண வீடுகளில் பெருமையாக எடுத்துவிட்டுக் கைதட்டலும் வாங்கியிருக்கிறார். கைதட்டியவர்கள் யாரும் உச்சி மலைக்குப் போனதில்லை.

உள்ளே ஏதோ விழுந்து உருண்டது.

"என்ன அங்க?"

"சட்டி மூடிங்க. விரல் மடங்க மாட்டேங்குது. அடுப்புல கொஞ்சம் காட்டினா சரியாயிரும்."

லிங்கம் வெட்டுவதை நிறுத்தினார். பிறகு குழியை மூடி, மிதித்துச் சமப்படுத்தினார். கன்றைச் சுவரோர நிழலில் நட்டார். நாற்காலியைத் தானே தூக்கிவந்து பீப்பாய் ஓரத்தில் போட்டார்.

"என்னங்க இது? செடிக்கு வெயில் வேணும்னீங்களே?"

"புது ஆளு. வந்த அன்னைக்கே நல்ல மலை கேட்டா, பழைய ஆளுக்கு என்ன மரியாதை?"

கனகம் உட்கார்ந்து, விரல்களை வெயிலில் விரித்துக்கொண்டாள்.

"அது பூக்காம போச்சுன்னா?"

"அரைநாள் பேர்தான் போடுவேன்" என்றார் கங்காணி.