ஒரே கோடு

ஹோ நகர அரங்கில் முரசும் எக்காளமும் சட்டென்று அடங்கின. பள்ளிகளுக்கான கணித வினாப் போட்டியில் பாக்கி ஒரே ஒரு கேள்வி. இரண்டு பள்ளிகளும் சமப் புள்ளியில் நின்றன. ஜெயிப்பவர் தலைநகர் அக்ராவுக்கு, இறுதிச் சுற்றுக்கு. தோற்பவர் வீட்டுக்கு.

பெண்கள் பள்ளி அணியின் மாவுவேனா, பதில் சொல்ல அழுத்தும் மணியின் மேல் விரலை வைத்துக்கொண்டாள். போன வருடம் இதே மேடையில் ஒரு கோட்டின் சாய்வைத் தலைகீழாகப் போட்டுப் பள்ளியைக் கவிழ்த்தவள் அவள்தான். எதிர் மேசை அதை மறக்கவில்லை.

"ஏய் தலைகீழு! இந்த வருஷமாவது நேரா நிப்பியா?" என்றான் எடெம், ஆண்கள் பள்ளி அணித்தலைவன்.

"நீ முதல்ல உன் மணி எங்க இருக்குன்னு தேடு, கேப்டன்!"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது.

நடுவர் திருமதி அக்பெனு கேள்வியைப் படித்தார். "மைனஸ் மூன்று, ஐந்து. ஒன்று, இரண்டு. இந்த இரு புள்ளிகள் வழியே போகும் நேர்கோட்டின் சமன்பாடு என்ன?"

எக்ஸ் நான்கு நகர, ஒய் மூன்று இறங்குகிறது. ஒய் மேலே, எக்ஸ் கீழே. சாய்வு மைனஸ் முக்கால். பின்னம் எதற்கு? நான்கால் பெருக்கி அதை விரட்டினாள். விரல் அழுந்தியது.

"மூணு எக்ஸ் கூட்டல் நாலு ஒய் சமம் பதினொண்ணு!"

நடுவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "தவறு. அடுத்த அணி..."

"மேல்முறையீடு, மேடம்!"

பக்கத்திலிருந்த செலோம் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "லூசாடி நீ? எடெமும் தப்பா சொன்னா நாம தப்பிச்சுக்கலாம். முறையீடு தோத்தா மூணு புள்ளி காலி. அப்புறம் வீட்டுக்குத்தான்!"

"கைய எடுடி. மேடம், உங்க அட்டையில என்ன போட்டிருக்கு?"

"ஒய் கழித்தல் ஐந்து சமம் மைனஸ் முக்கால் பெருக்கல், அடைப்புக்குள்ள எக்ஸ் கூட்டல் மூன்று. நீ சொன்னது இது இல்லையேம்மா."

"எந்த வடிவத்துல வேணும்னு நீங்க கேக்கலையே, மேடம்! புள்ளியப் போட்டுப் பாருங்க. முதல் புள்ளி, மைனஸ் ஒம்பதும் இருபதும் பதினொண்ணு. அடுத்தது, மூணும் எட்டும் பதினொண்ணு. ரெண்டு புள்ளி வழியா ரெண்டு நேர்கோடு போகுமா?"

திருமதி அக்பெனு பேனாவைத் திறந்து, அட்டையின் ஓரத்தில் அடைப்பை உடைத்துப் பெருக்க ஆரம்பித்தார்.

மாவுவேனா அவரைப் பார்க்கவே இல்லை. எடெமைப் பார்த்தாள். அவனும் அவசரமாகக் கிறுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு வரி. மூன்றாவது வரியில் பேனா நின்றது. மணியின் மேலிருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டான்.

அவளுக்கு அது போதும். அரங்கை நோக்கித் திரும்பினாள்.

"என்னங்கடி பாத்துட்டு இருக்கீங்க? அடிங்க முரசை!"

திருமதி அக்பெனு நிமிர்ந்து, "விடை சரி" என்றார். எக்காளச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.