ரப்பர் கையின் நாடி

மருத்துவக் கல்லூரியில் அவரை எல்லோரும் 'கை சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். முகம், வயிறு, கால் எல்லாம் அவருக்கும் குறைவில்லாமல் இருந்தன. கல்லூரிக்குத்தான் அவற்றால் உபயோகமில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்பு தள்ளிய வலதுகை, ஓய்வுக்குப் பிறகு வாரம் ஒருமுறை முதலாண்டு மாணவர்களின் மேசைமேல் நீண்டு கிடந்தது. அவர்கள் தடவிப் பார்த்து, நாடி பிடித்து, தோலுக்கடியில் ரத்தம் போகிற வழியைப் பேனாவால் வரைந்தார்கள். தமனி சிவப்பு, சிரை நீலம்.

அந்தக் கோடுகளோடு வீட்டுக்குப் போகும்போது அவர் சட்டைக் கையை மடித்தே விட்டிருப்பார். அவர் குடியிருந்த அறைக்குக் கீழே சலவைக் கடை.

"என்ன சார், கையில ரோடு போடப் போறாங்களா?" என்பார் கடைக்காரர்.

"இது புயத் தமனிங்க. முழங்கைக்குக் கீழ ரெண்டாப் பிரியுது."

"ஏன், சொத்துத் தகராறா?"

கை சார் சிரிக்க மாட்டார். இப்படி எடுப்பான சிரை ஆயிரத்தில் ஒருத்தருக்குத்தான் வாய்க்கும் என்று துறைத் தலைவர் சொல்லியிருந்தார். பரம்பரை ஜமீன் கிடைத்தவரைப் போல அவர் அதை நம்பினார். குளிக்கும்போது அந்தக் கைக்கு மட்டும் பிளாஸ்டிக் பை கட்டிக்கொள்வார்.

கோடு அழியாமலிருக்கத்தான் அந்தப் பை. ஆனால் பெருமை மட்டும் காரணமில்லை. மனைவி போனபிறகு அவர் கையை யாரும் தொட்டதில்லை. மளிகைக்காரர் சில்லறை கொடுக்கும்போது விரல் படும். இப்போது போனிலேயே பணம் போய்விடுவதால் அதுவும் நின்றுபோயிற்று. வாரம் ஒருமுறை யாரோ பெற்ற பிள்ளைகள் மணிக்கட்டைப் பிடிப்பதை நம்பித்தான் மற்ற நாட்கள் ஓடின.

மாணவர்களில் தடிக்கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி இருந்தாள். தொடுவதற்கு முன்னால், "கொஞ்சம் சில்லுன்னு இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். மணிக்கட்டின் இரண்டு தமனிகளையும் அழுத்தி, உள்ளங்கை வெளுத்ததும் ஒன்றை மட்டும் விடுவாள். கை மறுபடி சிவந்து வருவதை அவரும் அவளும் சேர்ந்து பார்ப்பார்கள். அவர் நாடி நடுநடுவே ஒரு துடிப்பை விழுங்குவதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

"சார், நடுவுல ஒண்ணு விடுது."

"வயசாச்சில்லம்மா. நின்னு மூச்சு வாங்கிட்டு வருது."

இந்த நிலையில்தான் ரப்பர் கை வந்தது. தமனி, சிரை, ஓடுகிற சிவப்புத் திரவம், மின்மோட்டாரில் இயங்கும் நாடி எல்லாம் அதற்கு உண்டு. அதைக் கல்லூரிக்கு எட்டாம் அறிவே வந்துவிட்டதுபோல் சொன்னார் துறைத் தலைவர். "இனி உங்களுக்குச் சிரமம் வேண்டாம் சார்" என்றார்.

"இதுக்கு உள்ளங்கை வெளுக்குமா?" என்று நப்பாசையோடு கேட்டார் கை சார்.

"அடுத்த மாடல்ல வெளுக்கும்."

ரப்பர் கையின் திறப்பு விழா நாளில், கடைசியாக ஒருமுறை எட்டிப் பார்க்க அவரும் போயிருந்தார். கல்லூரி முதல்வர் வந்துகொண்டிருக்கிறார் என்ற நேரத்தில் மோட்டார் ஒருமுறை உறுமிவிட்டுப் படுத்துவிட்டது. துறைத் தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது. அவசரத்துக்கென்று கூடவே ஒரு ரப்பர் குமிழ் வந்திருந்தது. கையால் அமுக்கினால் நாடி துடிக்கும்.

"சார், நீங்கதான் காப்பாத்தணும். மேசைக்கடியில, துணிக்குப் பின்னால உட்கார்ந்து இதை அமுக்கிட்டே இருங்க. யாருக்கும் தெரிய வேண்டாம். நாளைக்கு மெக்கானிக் வந்துடுவான்."

கை சார் மேசைக்கடியில் போனார். வெல்வெட் துணி இறங்கியது. எந்த வேகத்தில் அமுக்குவது என்று யாரும் சொல்லவில்லை. குமிழைப் பிடித்த வலது கையின் மணிக்கட்டை இடது விரலால் தடவிப் பார்த்தார், அமுக்குகிற கையில் நாடி பிடிபடவில்லை. தன் மார்பு அடிப்பதைக் கவனித்து, அதன்படியே அமுக்கினார்.

முதல்வர் ரப்பர் மணிக்கட்டில் விரல் வைத்துப் பேச ஆரம்பித்தார். பேச்சு பொதுவாக மனித குலத்தைப் பற்றியது, நீளமும் அதற்கேற்ப இருந்தது. விரல் மரத்துப்போய் கை சார் குமிழை விட்டுவிட்டார். நாடி நின்றது.

"என்ன துடிப்பு! என்ன உயிர்த்துடிப்பு!" என்றார் முதல்வர், விரலை எடுக்காமலே. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

பிரமுகர்கள் பலகாரத்துக்குப் போனதும் மாணவர்கள் வரிசையில் வந்தார்கள். கை சார் உஷாரானார். வந்தவர்கள் தொட்டார்கள், போனார்கள். கடைசியில் அந்தக் குரல் கேட்டது.

"கை சார் இனிமே வரமாட்டாரா சார்?"

"அவருக்கு ஓய்வு கொடுத்தாச்சும்மா. நீ நாடியைப் பாரு."

"கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்" என்றாள் அவள், பழக்கதோஷத்தில். யாரோ சிரித்தார்கள்.

கை சார் அமுக்கினார். தன் மார்பு விட்ட இடத்தில் விட்டார். மறுபடி அமுக்கினார். தான் இங்கே இருப்பதை இதற்குமேல் எப்படித்தான் சொல்வது? துணியை விலக்கினால் துறைத் தலைவரின் மானம் போகும். மேசைக்கடியில் தவழ்ந்து வருகிற கிழவனைப் பார்த்து அவள் என்ன நினைப்பாளோ.

"சார், நடுவுல ஒண்ணு விடுது" என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "கை சாருக்கு விடுற மாதிரியே."

"அப்படின்னா கோளாறுதான். கம்பெனிக்கு எழுதிடறேன்."

அவள் விரலை எடுக்கவில்லை. சோதனைக்குத் தேவையான நேரம் எப்போதோ முடிந்திருந்தது. கெண்டைச்சதை இழுக்கிற மாதிரி உள்ளங்கை இழுத்தது. கை சார் விடாமல் அமுக்கினார். பிறகு செருப்புச் சத்தம் வாசல்பக்கம் போயிற்று.

அறை காலியானதும் அவர் துணியை விலக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சட்டைக் கையை மடித்திருந்தார். அதில் ஒரு கோடும் இல்லை. மேசையில் ரப்பர் கை, யாரிடமோ எதையோ கேட்பதுபோல் மல்லாந்து கிடந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தார். அவள் பிடித்திருந்த இடத்தில் ரப்பர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மற்றக் கையால் குமிழை அமுக்கினார். துடித்தது. துடித்தது. ஒன்றை விட்டுவிட்டு, காத்திருந்து, மறுபடி அமுக்கினார்.