மண் திரும்பிய பக்கம்

மண்சரிவு நடந்த மறுநாளிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு மேலேயுள்ள தோட்டத்து ஆறு, இரண்டாகப் பிரியும் இடத்தில், தண்ணீரையெல்லாம் இடது கிளைக்கும் மண்ணையெல்லாம் வலது கிளைக்கும் அனுப்பியது. இடப்பக்கம், தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கின் பீலிக் குழாயில் தண்ணீர் கண்ணாடிபோல் விழுந்தது; குடத்தின் அடியில் துளி மணல் தங்கவில்லை. வலப்பக்கம், கீழ்ப் பிரிவான பணியக்கணக்கின் பீலியில் மண் விழுந்தது. ஈரமில்லாத மண். ஆள் நடக்கும் வேகத்தில், அரிசி புடைக்கும் சத்தத்தோடு இறங்கியது. பதுளையிலிருந்து அதிகாரிகள் வந்து இரண்டையும் போத்தலில் எடுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் ஜனங்கள் தேங்காய் விலை ஏறியதைப் பேசுவதுபோலத்தான் இதையும் பேசினார்கள்.

மேல்கணக்கு லயத்து வீடுகளில் பாதியைச் சரிவு கொண்டுபோயிருந்தது. மிச்சமிருந்தவர்கள் ஹாலிஎலப் பக்கம் முகாமுக்குப் போய்விட்டார்கள். விஜேந்திரன் மட்டும் இடது கிளையோரத்தில், ஒரு பக்கம் சாமானோடு சரிவில் போயிருந்த தன் காம்பரா வீட்டை விட்டுப் போகவில்லை. கெம்பஸில் நீர்ப்பாசனம் படித்தவன். அவன் மனைவி துஷாந்தினி சரிவு நடந்த அன்று பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மற்ற எல்லாரையும் தோண்டி எடுத்தார்கள். அவளை எடுக்க முடியவில்லை. உடல் கிடைக்காமல் கருமாதி செய்ய மாட்டேன் என்று சொன்னான்.

வலது கிளையின் மண், சரிவு கொண்டுபோனதையெல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தது. லேசானது முதலில், கனமானது பிறகு. செருப்புகளும் கொழுந்துக் கூடைகளும் வந்தன. பிறகு சட்டிகள், ஒரு கதவு. அவரவர் சாமானை அவரவர் துடைத்து எடுத்துப் போனார்கள். துஷாந்தினியின் சீப்பு வந்தது. குடை வந்தது. தையல் மெஷின் வந்தது. விஜேந்திரன் பகல் முழுக்கக் கரையில் உட்கார்ந்து மனதுக்குள் எடை போட்டான். ஓடும் மண்ணில் கல் உடம்புக்குப் பின்னால்தான் வரும். அதனால் தையல் மெஷினுக்குப் பிறகு அவள். அவளுக்குப் பிறகுதான் வீட்டு அம்மி.

இதற்குள் மண் பணியக்கணக்கு லயத்து வாசற்படியைத் தொட்டுவிட்டது. கோயில் கமிட்டித் தலைவர் வீரய்யா ஆள் திரட்டினார். ஆயுசு முழுக்கத் தேயிலை மலையில் வடிகால் கான் வெட்டிய கைகள். கான் அடைத்தால் ஆழமாக வெட்டு என்பதுதான் பழக்கம். வலது கிளையின் வாயை இடுப்பளவுக்கு ஆழமாக்கினார்கள். தாழ்ந்த வாய்க்குத்தான் அடிமண் திரும்பும் என்று விஜேந்திரனுக்குத் தெரியும். அங்கே முழங்கால் உயரத்துக்குக் குறுக்கே கல் அடுக்கினால் மண் மறுபக்கம் போய்விடும், தண்ணீர் கல்லுக்கு மேலால் வழியும் என்பதும் தெரியும். மண் நின்றுவிட்டால் அவள் வரமாட்டாள். அவர்கள் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயந்தரத்துக்குள் மண் ஓட்டமாக ஓடியது. கடைசிக் காம்பராவின் கதவைப் பாதிவரை மூடியது. உள்ளே இருந்த பேரப்பிள்ளைகளை ஜன்னல் வழியாக இழுத்து எடுத்தார்கள். அது துஷாந்தினியின் தாய் பாக்கியலெட்சுமியின் காம்பரா. விடிந்ததும் அவள் முழங்கால்வரை மண்ணோடு மேலே ஏறி வந்தாள்.

“மாப்ள, அம்மி வந்துருச்சு.”

அவன் நிமிர்ந்தான்.

“நான் சீதனமா குடுத்த அம்மி, எனக்கு அடையாளம் தெரியாதா? அம்மியே வந்துருச்சு. எம் மக வரல.”

“பாப்போம் மாமி.”

“இன்னும் என்னத்தப் பாக்குறது? எங்க வீட்டுக்காரரு ஆத்துக்கே வழி சொல்லுவாரும்மான்னு லயம் லயமா பீத்திக்கிட்டுத் திரிஞ்சா அவ. நேத்து இம்புட்டுப் பேரு வெட்டுறாங்க, நீங்க கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்களே. அந்தப் புள்ளைகளும் போனாத்தான் வாயத் தொறப்பீங்களா?”

அவன் எழுந்தான். கிளையின் வாய்க்குப் போய் முதல் கல்லைத் தூக்கி வைத்தான். அவன் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீரய்யாவும் ஆட்களோடு இறங்கினார்.

“தம்பி, இத அடுக்குனா மண்ணு உங்க வீட்டுப் பக்கம் திரும்பிருமே.”

“திரும்பட்டுங்க.”

கடைசிக் கல் விழுந்ததும் மண் நின்றது. மாடு புதுத் தொட்டியை முகர்வதுபோல் கல்வரிசையை முகர்ந்தது. பிறகு இடது கிளையில் இறங்கியது. தண்ணீர் கல்லைத் தாண்டி வலப்பக்கம் வழிந்தது. மத்தியானம் பணியக்கணக்குப் பீலியில் பெண்கள், யார் குடம் முந்தி என்று சண்டை பிடித்தார்கள்.

மண் விஜேந்திரனின் வீட்டு வாசல் ஸ்தோப்பில் ஏறியது. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போய், விரித்திருந்த பாயில் அவனுடைய பாதியை விட்டுவிட்டு, சுவரோரமாக நீளமாகப் படுத்தது. அதற்கு மேல் ஒரு பிடி மண்கூட ஆற்றில் வரவில்லை.

கருமாதி பற்றிப் பிறகு யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பாக்கியலெட்சுமி சமைத்துக் கொடுக்க வருவாள். குசினிக்குப் போக அந்தக் காம்பராவைக் கடக்க வேண்டும்.

“பாத்து மாமி,” என்றான் முதல் வெள்ளிக்கிழமை. “காலை நீட்டிக்கிட்டுப் படுத்திருக்கா.”

“எப்பவும் அப்படித்தான் படுப்பா,” என்று சொல்லிவிட்டு, அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாகச் சுற்றிப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.