கதவு மூடும் சத்தம்

எங்கள் கார் கம்பெனியை வெளிநாட்டுக்காரன் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. எங்கள் கம்பெனி என்று சொல்வது நாக்குப் பழக்கம். முப்பத்தொரு வருஷம் அங்கே கார்களுக்குக் கதவு மாட்டிவிட்டு ஒன்பது வருஷம் முன்னால் ரிட்டயர் ஆனேன், அவ்வளவுதான். அங்கே ஒரு திருகாணிகூட என் பெயரில் கிடையாது.

வாங்கினவன் முதலில் கேன்டீனுக்கு வெள்ளை அடித்தான். எனக்கு அப்போதே சந்தேகம். அடுத்த மாதம் இஞ்சின் பிரிவை மூடினான். இஞ்சின் இப்போது கப்பலில் வருகிறது. அப்புறம் கியர், அப்புறம் சீட்டு, எல்லாம் கப்பல். காரின் பெயரையும் அதன் மூக்கில் இருக்கும் சின்னத்தையும் மட்டும் தொடவில்லை. காசு கொடுத்ததே அதற்குத்தானே.

மிச்சம் இருந்தது கதவுப் பிரிவு. அதில் அறுபத்து நாலு பேர். என் மருமகள்தான் அங்கே தலைமை. என் மகன் இஞ்சின் பிரிவில் இருந்தவன், இப்போது வீட்டில் இருக்கிறான். ஆகையால் எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்.

ஒரு நாள் சாயங்காலம் தோள் பையைக்கூட இறக்காமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, நாளைக்குக் காலையில எங்கூட ஃபேக்டரிக்கு வரணும்."

"எதுக்கு? என்னையும் கப்பல்ல ஏத்தப் போறானா?"

"விளையாடாதீங்க மாமா. வெளிநாட்டுலேருந்து ஒரு பெரிய ஆள் வர்றார்."

விஷயம் இதுதான். எங்கள் கார் வைத்திருப்பவர்களிடம் அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் போய், இந்தக் காரில் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் கதவு மூடும் சத்தம் என்று சொல்லித் தொலைத்துவிட்டார்கள். டொம் என்று கனமாக விழுமே, அது. அதே சத்தத்தை அவர்கள் ஊரில் நாலு மாதம் முயற்சி செய்தார்களாம். தகர டப்பா தட்டுகிற மாதிரிதான் வந்ததாம். இது கைவேலையால் வருகிற சத்தம் என்றால் கதவுப் பிரிவு இங்கேயே இருக்கும். இல்லையென்றால் கதவும் கப்பலில் வந்துவிடும். பழைய ஆள் என்பதால் என்னைக் கேட்கப் போகிறார்கள்.

"அந்தச் சத்தமா? அது எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியும்ல?"

"இருபது தடவை சொல்லியிருக்கீங்க. இருபத்தொண்ணாவது தடவையா அங்க வந்து சொல்லிடாதீங்கன்னுதான் கெஞ்சுறேன்."

நான் வேலையில் இருந்தபோது ஒரு வருஷம் கதவுக் கண்ணாடி கடகடவென்று ஆடுகிறது என்று புகார் மேல் புகார். உள்ளே ஒட்ட வேண்டிய நல்ல அட்டை வரவில்லை. அப்போது ஷெட் கூரை ஒழுகியதற்கு வாங்கின தார் அட்டை மூலையில் கிடந்தது. அதை வெட்டிக் கதவுக்குள் ஒட்டச் சொன்னார் சூப்பர்வைசர். ஆட்டம் நின்றது, கதவு கனத்தது, டொம் என்று விழுந்தது. ஜனங்கள் ஆகா என்ன கெட்டியான வண்டி என்றார்கள். கெட்டியாவது மண்ணாவது! கண்ணாடி வழியாக இறங்குகிற மழைத் தண்ணீர் அந்த அட்டையின் ஓரத்தில் தேங்கி, ஐந்து வருஷத்தில் கதவின் அடிப்பகுதி இற்றுப் போனது. மூன்று முறை போய்ச் சொன்னேன். "நீ மாட்டுறதுக்குச் சம்பளம் வாங்குறியா, யோசிக்கிறதுக்கா?" என்று கேட்டார் அந்த மகாராஜா.

"கைப்பழக்கம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். அறுபத்தி நாலு பேர் மாமா" என்றாள் மருமகள். மகன் டிவியைப் பார்த்தபடி இருந்தான். டிவி அணைந்திருந்தது. சரி என்று தலையாட்டி வைத்தேன்.

மறுநாள் போனால், கம்பெனி மியூசியத்தில் இருந்த எங்கள் பழைய கார் ஒன்றைத் துடைத்து மினுக்கி நடுக்கூடத்தில் நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் ஐந்து மைக். கார் ஏதோ பேட்டி கொடுக்கப் போகிறது போல. வந்திருந்தவர் உத்தரம் இடிக்கிற உயரம். பக்கத்தில் அவர் பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு பெண். அப்புறம் எங்கள் மேனேஜர். தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் ரப்பர் ஸ்டாம்பு. பழைய முதலாளிக்கும் அதே கையெழுத்து, புது முதலாளிக்கும் அதே கையெழுத்து.

உயரக்காரர் கதவை மூடினார். கண்ணை மூடிக் கேட்டார். திறந்தார். மறுபடி மூடினார். கதவு என்பது ஆள் ஏறி இறங்குவதற்கு. இவர் சங்கீதம் கேட்கிறார். எனக்குக் கால் வலித்தது.

"ஐயா, இந்தச் சத்தத்தோட ரகசியம் என்னன்னு சார் கேக்குறார்" என்றாள் அந்தப் பெண்.

"கைப்பழக்கம்."

நான் சொன்னது ஒரு வார்த்தை. அவள் ஒரு நிமிஷம் பேசினாள். ரப்பர் ஸ்டாம்பு தன் பங்குக்குப் பாரம்பரியம், அர்ப்பணிப்பு என்று கூடக் கொஞ்சம் சேர்த்தார். உயரக்காரர் முகம் மலர்ந்து ஏதோ சொன்னார்.

"சாருக்கு ரொம்ப சந்தோஷம். இந்தக் கதவு உள்ள எப்படி இருக்கோ, ஒரு இம்மி மாறாம புது மாடலுக்கும் அப்படியே செய்யணுமாம். விளம்பரத்துல ஐயா படத்தைப் போடலாமான்னு கேக்குறார்."

என் படமா? என் மூஞ்சியைக் காட்டி, இற்றுப் போகிற கதவை இன்னொரு இருபது வருஷம் விற்கப் போகிறார்களா? என்னால் முடியவில்லை. பக்கத்து மேஜையில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

"பெரியவரே! அது மியூசியம் வண்டி!" ரப்பர் ஸ்டாம்பு அலறினார்.

உள்பக்கத் தகட்டைக் கழற்றினேன். கறுப்பாகத் தார் அட்டை. "இதான் ரகசியம். ஷெட் ஒழுகுனதுக்கு வாங்குனது" என்று சொல்லிக் கதவின் அடியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். பிஸ்கட்டில் இறங்குவது போல இறங்கியது. துரு பொலபொலவென்று கொட்டியது.

மருமகள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். அறுபத்து நாலு பேர் வயிற்றில் அடித்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"இதை அப்படியே சொல்லட்டுமா?" என்றாள் அந்தப் பெண்.

"நீ சொல்லலைன்னா நான் ஜாடையில சொல்லுவேன்."

உயரக்காரர் கோபப்படவில்லை. ஏதோ காகிதங்களைப் புரட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். கடந்த எட்டு வருஷத்துக் கார்களிலும் இதே அட்டைதான். ஆனால் துருப் புகார் ஒன்றுகூட இல்லை. கதவின் டிராயிங்கில், அதாவது வரைபடத்தில், வெறும் அட்டை என்றுதான் இருக்கிறது, அதுவும் மாறவில்லை. எப்படி?

"அது வந்து சார், நிர்வாகத்தோட தொடர் முயற்சி" என்று இழுத்தார் ரப்பர் ஸ்டாம்பு.

"ஓட்டை போடுறோம்" என்றாள் மருமகள்.

எல்லாரும் திரும்பினோம்.

"ஒவ்வொரு கதவுக்கும் அடியில ரெண்டு ஓட்டை. கதவுத் தகட்டை அடிக்கிற அச்சு தேய்ஞ்சு போச்சு. அதனால விளிம்பு கதவுக்குக் கதவு வேற மாதிரி வளையுது. ஒரு சொம்புத் தண்ணி ஊத்தி, எங்க தேங்குதுன்னு பாத்து அங்க ட்ரில் போடுவோம். டிராயிங்ல கிடையாது. நாங்களாப் போடுறோம். எட்டு வருஷமா."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றேன்.

"உங்ககிட்ட சொன்னா ஊருக்கே தெரியும் மாமா. டிராயிங்ல இல்லாததைச் செஞ்சா வேலை போயிடும்."

உயரக்காரர் கோட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். செய்து காட்டச் சொன்னார். அவள் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள், ட்ரில் போட்டுக் காட்டினாள். ஒரு மணி நேரம் நகரவில்லை மனுஷன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கிடந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரே நாளில் இரண்டு காகிதம் வந்தன. ஒன்று நோட்டீஸ் போர்டில்: புது மாடல் ஓடுகிற வரைக்கும் கதவுப் பிரிவு இங்கேயே இருக்கும், இரண்டு ஓட்டையும் இனி முறைப்படி போடப்படும். இன்னொன்று மருமகள் கையில், ஒரு மெமோ: அனுமதி இல்லாமல் எட்டு வருஷம் டிராயிங்கை மீறியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, ஏழு நாளில் பதில் தரவும். இரண்டிலும் ரப்பர் ஸ்டாம்பு கையெழுத்துதான்.

"நானே வந்து அவனை நாலு வார்த்தை கேக்குறேன்" என்று எழுந்தேன்.

"ஐயோ, நீங்க வந்ததே போதும் மாமா, உக்காருங்க."

அவளே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பதில் எழுதினாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

"ஓட்டை போட்டது உண்மை. நாளைக்கும் போடுவோம். போடச் சொல்லி நீங்களே கையெழுத்துப் போட்ட நோட்டீஸை இத்தோட இணைச்சிருக்கேன்னு எழுதினேன். கீழ அறுபத்தி நாலு பேரும் கையெழுத்துப் போடுறாங்க."

கொடுத்து இருபது நாள் ஆகிறது. பதில் இல்லை. அவள் தினமும் போகிறாள். தினமும் நூற்றிருபது கதவு, இருநூற்று நாற்பது ஓட்டை. அந்த மெமோவை ரப்பர் ஸ்டாம்பு இன்னும் ரத்து செய்யவில்லை.