புல்லு மாஸ்டரின் மகள்

புல்லு மாஸ்டர் தன் வீட்டுக்குள் நுழைவதே பெரிய பாடு. நாள் முழுக்க விளையாட்டு மைதானத்தில் புல் வெட்டிவிட்டு வருகிறவர், முன்கதவுப் பக்கம் தலைகூடக் காட்டாமல் பின்பக்கம் சுற்றிப் போவார். தகரத் தடுப்புக்குள் உடுப்பைக் கழற்றி மூடி போட்ட வாளியில் திணித்து, தலையோடு குளித்து, வேறு துணி மாற்றிய பிறகுதான் உள்ளே கால் வைப்பார். அப்படியும் காது மடலில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால் போச்சு, அன்று வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

காரணம், எட்டு வயது மகள் குருவி. புல் பூக்கிற மாதங்களில் அவளுக்குக் கண் இரண்டும் புடைத்துவிடும். தும்மல் விடாது. கடைசியில் நெஞ்சுக்குள் யாரோ விசில் அடிப்பதுபோல் இழுப்பு வந்து நிற்கும். மாத்திரை, மூக்கில் அடிக்கிற மருந்து, வாயில் இழுக்கிற பம்பு எல்லாம் உண்டு. ஜன்னல்கள் சாத்தியே கிடக்கும். மற்ற பிள்ளைகள் தெருவில் கூச்சல் போட, இவள் சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பாள்.

ஒரு வருடம் பம்புக்கும் அடங்காமல், ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைக்கும்படி ஆகிவிட்டது. மூச்சு சீரானதும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மாஸ்டர் தன் உள்ளங்கைகளையே பார்த்தார். எவ்வளவு தேய்த்தும் ரேகைகளில் பச்சை போகவில்லை.

"நான் இந்த வேலைய விட்டுடறேன்" என்றார் மனைவியிடம்.

மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். யோசித்துப் பேசுகிற வழக்கமே கிடையாது. "நீங்க விட்டுட்டா புல்லு முளைக்கிறத விட்டுடுமா? அழுதது போதும், எழுந்திருங்க. அலர்ஜி டாக்டர்னு தனியா ஒருத்தங்க இருக்காங்களாம். போய்க் கேப்போம்."

அந்த டாக்டர் நடுவயதுப் பெண்மணி. குருவியின் முன்கையில் வரிசையாகச் சொட்டு மருந்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஊசி முனையால் லேசாகக் கீறினார். கொஞ்ச நேரத்தில் புல்லுக்கு வைத்த இடம் மட்டும் பூச்சி கடித்ததுபோல் தடித்து எழும்பியது.

"இதுவரைக்கும் குடுத்த மருந்தெல்லாம் தொல்லைய அடக்கி வைக்கும், அவ்வளவுதான்" என்றார் டாக்டர். "எதைக் கண்டா உடம்பு சண்டைக்கு நிக்குதோ, அதையே துளித்துளியா குடுத்துப் பழக்குற சிகிச்சை ஒண்ணு இருக்கு. நாக்குக்கு அடியில தினம் வைக்கிற மாத்திரையா எடுக்கலாம், இல்லன்னா ஊசியா போட்டுக்கலாம். எதுவானாலும் மூணு வருஷம் பிடிக்கும். முதல்ல இழுப்பக் கட்டுக்குள்ள கொண்டு வரணும்."

"மாத்திரை வேண்டாம் டாக்டர்" என்றாள் தாய். "இவ எங்க வீட்டுப் பூந்தொட்டிக்கு நிறைய மருந்து ஊட்டியிருக்கா."

குருவி அந்தப் பேச்சைக் கண்டுகொள்ளவில்லை. "புல்லையா எனக்கு ஊசி போடுவீங்க?"

"புல்லோட மகரந்தத்த. ரொம்ப ரொம்பக் கொஞ்சமா."

"எங்க அப்பாகிட்ட மூட்டை மூட்டையா இருக்கு. வாங்கிக்கோங்க."

டாக்டர் சிரித்து ஓய்ந்ததும் மாஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நான் கொண்டு வந்துதான் இவளுக்கு இப்படி ஆச்சா?"

"காத்துல வர்றதுக்கு முன்னாடி நீங்க கொண்டு வர்றது எம்மாத்திரம்? குளிச்சிட்டு வர்றீங்கல்ல, போதும். மனசப் போட்டு அரிக்காதீங்க."

இழுப்பு கட்டுப்பட்ட பிறகு வாரம் ஒரு ஊசி ஆரம்பமானது. ஒவ்வொரு முறையும் போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். முதல் சில மாதங்கள் கை சிவந்ததோடு சரி. ஆனால் மருந்தின் அளவு கூடிக்கொண்டே வந்தபோது, ஒருநாள் ஊசி போட்டு உட்கார்ந்தவள் கழுத்தைச் சொறிந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகமெல்லாம் தடித்து, விசில் சத்தம் கேட்டது. டாக்டர் ஓடிவந்து தொடையில் அலர்ஜியை முறிக்கும் ஊசி போட்டார். இழுப்பு அடங்கும்வரை மாஸ்டருக்குத் தன் உயிர் தன்னிடம் இல்லை.

"போதும்மா, நிறுத்திடுவோம்" என்றார் அன்று மாலை.

"மேடு ஏறும்போது வண்டிய விட்டுட்டு இறங்கி ஓடுற டிரைவர எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்றாள் மனைவி. "இதுக்குத்தான அங்கயே உக்கார வைக்கிறாங்க? அளவக் குறைச்சு, மெதுவா ஏத்தலாம்னு டாக்டரே சொல்றாங்க."

"என்னைக் கேக்கவே மாட்டீங்களா?" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். குருவியின் முகத்தில் வீக்கம் இன்னும் வடியவில்லை. "கை எனக்குத்தான வலிக்குது? நான் போட்டுக்கறேன். நீ வேணா வெளிய நில்லுப்பா."

மாஸ்டர் வெளியே நிற்கவில்லை. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வாரம் ஒரு ஊசி மாதம் ஒரு ஊசியானது. முதல் வருடம் தும்மல் குறைந்த மாதிரி இருந்தது. வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடுமோ என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் புல் பூக்கிற காலத்தில், ஒரு காலை குருவியே ஜன்னலைத் திறந்து போட்டாள். அன்று பம்பு தேவைப்படவில்லை. மறுநாளும் இல்லை. டாக்டர் குழலை ஊதச் சொல்லி மூச்சை அளந்துவிட்டு, "விளையாடப் போகட்டும். பம்பு பையில இருக்கட்டும்" என்றார். பள்ளிக் கால்பந்து அணியில் கோல்கீப்பருக்கு ஆள் கிடைக்காத சமயம் பார்த்து, குருவி போய் நின்றுகொண்டாள்.

மூன்றாம் வருடம் பள்ளிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டம் மாஸ்டரின் மைதானத்திலேயே நடந்தது. புல் பூக்கிற காலம். காலையில்தான் வெட்டியிருந்தார், பச்சை வாசனை மைதானமெங்கும் எழுந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில், ஒரு கோல் முன்னிலையில் இருந்த குருவியின் அணிக்கு எதிராகப் பெனால்ட்டி கொடுத்தார்கள். எதிரணிப் பெண் பந்தை மூலைக்கு விட்டாள். குருவி பாய்ந்தாள். முகம் குப்புற விழுந்தவள் அப்படியே கிடந்தாள்.

மாஸ்டர் கோட்டைத் தாண்டி ஓடினார். "குருவி! பம்பு எங்கடா? பம்பு!"

அவள் தலையைத் தூக்கினாள். மூக்கிலும் புருவத்திலும் புல். வயிற்றுக்கு அடியில் பந்து.

"கத்தாதப்பா, ரெஃப்ரி பாக்கறார். எனக்கு ஒண்ணுமில்ல. பந்து நழுவாம புடிச்சிட்டு இருக்கேன்."

நடுவர் ஓடிவந்து, வாழ்நாளில் ஒருமுறைகூடப் பந்தை உதைக்காத புல்லு மாஸ்டருக்கு மஞ்சள் அட்டையை நீட்டினார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. மேல்படியில் நின்ற ஓட்டுநர் அம்மா விரலை வாயில் வைத்து அடித்த விசிலுக்குப் பேருந்து ஹாரனே தோற்றுப்போகும்.

பரிசளிப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் குருவி கோப்பையோடு கோல் கம்பத்தருகே குந்தியிருந்தாள். மாஸ்டர் பக்கத்தில் போய்க் குனிந்து அவள் மூச்சைக் கேட்டார். அமைதியாக இருந்தது.

"அப்பா, இங்க பாரு, வெறும் மண்ணு. என் முட்டியெல்லாம் எரியுது. என்ன மைதானம் வச்சிருக்கே நீ?"

"நாளைக்கே புல்லு பதிச்சிடறேன்டா."

"நல்லா அடர்த்தியா போடு" என்று சொல்லிவிட்டு, கோப்பையைத் தூக்கிக்கொண்டு அம்மாவை நோக்கி ஓடினாள்.